ஆறாயிரம் அடிக்குக் கீழே ஒரு தேர்தல்

2024 செப்டம்பர் 10ஆம் தேதி இரவு, பிலடெல்பியாவில் கமலா ஹாரிசும் டொனால்ட் டிரம்பும் நேருக்கு நேர் நின்று பேசிய விவாதம் முடிந்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்தபோது அப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது. அதே பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க்கிற்குத் தெற்கே நான் குடியிருக்கும் ஊரில் மணி பதினொன்று. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் காலை எட்டரை, அதாவது அவர் வயலைச் சுற்றிவிட்டு வந்து இரண்டாவது காபிக்கு உட்காரும் நேரம்.

"நம்ம துளசேந்திரபுரத்துப் பொண்ணு நல்லாப் பேசிச்சாமே? மீத்தேன் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிச்சா?"

"எடுக்கறதைத் தடுக்க மாட்டேன்னு சொல்லிச்சுப்பா."

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "நீ சரியாக் கேட்டியா?" என்றார்.

சரியாகத்தான் கேட்டிருந்தேன். பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் ஃபிராக்கிங்கைத் தடைசெய்ய மாட்டேன், துணை அதிபராக இருந்தபோதும் தடைசெய்யவில்லை, அதற்குப் புதிய குத்தகைகளைத் திறந்துவிட்ட சட்டத்துக்கு வாக்குகள் இரு பக்கமும் சமமாக நின்றபோது அதை நிறைவேற்றிய வாக்கே என்னுடையதுதான் என்று ஹாரிஸ் சொன்னார். அவர் ஜெயித்தால் பென்சில்வேனியாவில் முதல் நாளே ஃபிராக்கிங் முடிந்துபோகும் என்று டிரம்ப் சொன்னார். ஹாரிஸ் குறிப்பிட்டது 2022ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டம். சூரிய மின்சாரத்துக்கும் மின்வாகனங்களுக்கும் வரிச்சலுகைகளை அள்ளிக் கொடுத்த, காலநிலைக்காக இந்த நாடு அதுவரை இயற்றியவற்றிலேயே ஆகப் பெரிய சட்டம் அது. அந்தச் சட்டத்துக்குள்ளிருந்து, பென்சில்வேனியாவில் நின்றுகொண்டு, அவர் கையில் எடுத்துக் காட்டியது எரிவாயுக் குத்தகையை. கல்யாண விருந்து போட்டவர் ஊறுகாயைப் பற்றி மட்டும் பெருமை பேசியது போல இருந்தது எனக்கு.

அப்பாவின் திகைப்பை டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படிவத்திலிருந்து மீத்தேன் எடுக்க ஒப்பந்தமானதும், நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசியதும், அந்த நடையிலேயே 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைக்கு அருகே அவர் உயிர் பிரிந்ததும், பிறகு 2017இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் எழுந்ததும், 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானதும் எங்கள் வீட்டுத் திண்ணையில் குடும்பக் கதைகளைப் போலப் பேசப்படுபவை. ஹாரிசின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் ஊரான துளசேந்திரபுரம் எங்களுக்குச் சைக்கிள் மிதிக்கிற தொலைவு. அங்கே தர்மசாஸ்தா கோயிலில் அவருடைய வெற்றிக்காக அபிஷேகம் நடந்தபோது, அவர் வந்தால் மீத்தேனுக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்வார் என்று ஊரில் சிலர் உண்மையாகவே நம்பியிருக்கிறார்கள். நிலத்தடியிலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் அப்பாவுக்கு ஒரே பெயர் மீத்தேன்தான். ஒரு வகையில் அவர் சொல்வது சரி; எரிவாயுவில் பெரும்பகுதி அதுதானே.

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பனியை வழித்துத் தள்ளவும், அண்டை வீட்டாரிடம் வானிலையைத் தவிர வேறெதையும் முதலில் பேசாமலிருக்கவும் பழகிவிட்டேன். ஊன்றிவிட்டேன் என்றே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தேர்தல் வந்தால் அந்த ஊன்றல் ஆடிப்போகிறது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ இல்லாமல், சுவரில் சின்னம் இல்லாமல், ஆரத்தித் தட்டு இல்லாமல், புல்வெளியில் கம்பி கால்களில் நிற்கும் சிறு அட்டைகளோடு ஒரு நாடு தன் தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது என்பது இன்றுவரை எனக்குப் பாதிதான் நம்பத்தகுந்ததாக இருக்கிறது.

2008 ஆகஸ்டில் மாணவனாக வந்திறங்கியபோது நடந்துகொண்டிருந்த தேர்தலில் ஒபாமாவும் ஜான் மெக்கெய்னும் பலவற்றில் மோதிக்கொண்டார்கள். ஆனால் கரிம வெளியீட்டுக்கு வரம்பு கட்டி, வெளியிடும் உரிமத்தை வாங்கி விற்கும் திட்டம் தேவை என்பதை இருவருமே ஒப்புக்கொண்டிருந்தார்கள். இதுதான் வளர்ந்த நாட்டின் பக்குவம் என்று அப்பாவுக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். இன்னும் பின்னோக்கிப் போனால், மூத்த புஷ் 1988இல் மிச்சிகனில் பேசும்போது, பசுமை இல்ல விளைவை எதிர்க்க நமக்குத் திராணியில்லை என்று நினைப்பவர்கள் வெள்ளை மாளிகை விளைவை மறந்துவிட்டார்கள் என்று சிலேடையாகச் சொன்னவர். அவருடைய மகன் 2000இல் மின்நிலையங்களின் கரியமில வாயுவுக்குக் கட்டுப்பாடு கொண்டுவருவதாக அதே மாநிலத்தில் வாக்களித்துவிட்டு, 2001 மார்ச்சிலேயே அதைக் கைவிட்டார் என்பதை நான் பிறகுதான் படித்தேன். மின்னஞ்சலைத் திரும்பப் பெற முடியவில்லை.

2012இல் டாம்பா நகரில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில், ஒபாமாவை எதிர்த்து நின்ற மிட் ராம்னி, கடல் உயரும் வேகத்தைக் குறைக்கத் தொடங்குவதாக ஒபாமா வாக்களித்தார் என்று சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினார், அரங்கம் சிரித்தது. தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. கடல் எங்களுக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவு. அத்தை வாழ்க்கைப்பட்டது வேதாரண்யத்தில். அந்த ஆண்டு மூன்று அதிபர் விவாதங்களிலும் காலநிலை மாற்றம் என்ற சொல்லே வரவில்லை. தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு சாண்டி புயல் நியூயார்க்கின் சுரங்கப் பாதைகளில் கடல்நீரை நிரப்பிவிட்டுப் போன பிறகுதான் அந்தப் பேச்சு திரும்ப வந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலையில், கஜா கரையைக் கடந்து அத்தையின் தென்னந்தோப்பைச் சாய்த்துப்போட்டபோது, தொலைபேசியில் அவர் அழுத அழுகைக்குப் பின்னால் எனக்கு ஏனோ டாம்பா அரங்கத்தின் சிரிப்புதான் கேட்டது.

பாரிஸ் காலநிலை உடன்பாட்டிலிருந்து வெளியேறுவதாக 2017 ஜூன் 1ஆம் தேதி அறிவித்த டிரம்ப், தன்னைத் தேர்ந்தெடுத்தது பிட்ஸ்பர்க் மக்களுக்காகத்தானே தவிர பாரிசுக்காக அல்ல என்றார். நான் கறிவேப்பிலை வாங்கும் ஊரின் பெயர் உலகச் செய்தியில் அடிபட்டது வேடிக்கையாக இருந்தது. நகர மேயர் மறுநிமிடமே மறுப்புத் தெரிவித்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதே மாதக் கடைசி நாளில் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து, வயலில் தீப்பிடித்து, மக்கள் கைதானார்கள். ஒரே மாதத்தில் என்னுடைய இரண்டு ஊர்ப்பக்கங்களும் ஒரே பொருளுக்காகச் செய்தியில் வந்தன, எதிரெதிர்த் திசைகளில்.

ஏன் எதிரெதிர் என்பது 2024 பரப்புரைக் காலத்தில்தான் எனக்கு விளங்கியது. அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஃபிராக்கிங் என்ற சொல் வந்துபோனது. 2019இல் வேட்பாளராக முயன்றபோது அதைத் தடைசெய்வதில் தனக்கு ஐயமே இல்லை என்று ஹாரிஸ் சொன்ன பழைய காட்சியைப் பார்த்துப் பார்த்து, அவருடைய தலையசைப்புக்கூட எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அஞ்சல் பெட்டியில் தாள்கள், கதவில் தட்டுதல், கைப்பேசியில் குறுஞ்செய்தி. இத்தனையும் வாக்குரிமையே இல்லாத எனக்கு! பச்சை அட்டை வரிசையில் நிற்பவனுக்கு வரி கட்டும் உரிமை மட்டும் குறைவில்லாமல் உண்டு. வாசலில் வந்து நின்ற கல்லூரிப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, அவள் வருத்தப்பட்டுவிட்டு, வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளில் பென்சில்வேனியாவுக்கு உள்ள 19 வாக்குகள்தான் இதற்கெல்லாம் காரணம். 2016இல் டிரம்ப் இங்கே ஏறத்தாழ 44,000 வாக்குகளிலும், 2020இல் பைடன் ஏறத்தாழ 80,000 வாக்குகளிலும்தான் வென்றார்கள். டெக்சாசுக்கு அடுத்தபடி நாட்டில் அதிக எரிவாயு எடுக்கும் மாநிலமும் இதுவே. ஆகவே முழு உலகத்தின் வெப்பநிலை பற்றிய கேள்வி, இங்குள்ள சில மாவட்டங்களின் நிலத்தடிப் பாறை பற்றிய கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. இத்தனைக்கும் இங்கே தோண்டப்படும் கிணறுகளில் பெரும்பாலானவை தனியார் நிலத்தில் இருப்பவை. காங்கிரஸ் சட்டம் இயற்றாமல் எந்த அதிபராலும் அவற்றைத் தன்னிச்சையாகத் தடைசெய்துவிட முடியாது. செய்ய முடியாத ஒன்றைச் செய்துவிடுவார் என்று ஒருவரும், செய்ய முடியாத ஒன்றைச் செய்ய மாட்டேன் என்று மற்றவரும் மாறி மாறிச் சத்தியம் செய்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே அவருக்குப் பரம்பரை நிலம் உண்டு. அதன் அடியில் ஆறாயிரம், ஏழாயிரம் அடி ஆழத்தில் மார்செல்லஸ் என்னும் களிப்பாறை கிடக்கிறது. நீரையும் மணலையும் வேதிப்பொருள்களையும் மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி அதைப் பிளந்தால் வாயு மேலே வரும். அதில் குறைந்தது எட்டில் ஒரு பங்கு நிலக்காரருக்குத் தரப்பட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். மாதந்தோறும் அவருக்குக் காசோலை வருகிறது; கூரை மாற்றியதும் பேத்தியைப் படிக்க வைத்ததும் அந்தப் பணத்தில்தான். ஒரு மாலை, இலைகளைக் கூட்டிக்கொண்டே அவரிடம் எங்கள் டெல்டாவைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் ஊரில் வாயு கிடைத்தால் நிலக்காரருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டார். பங்கு கிடையாது, எண்ணெயும் எரிவாயுவும் அரசுக்குச் சொந்தம், பயிர்ச் சேதத்துக்கும் நிலத்தைப் பயன்படுத்துவதற்கும் ஏதோ இழப்பீடு தருவார்கள் என்றேன். அவர் துடைப்பத்தை நிறுத்தினார்.

"அப்படியென்றால் நானும் சாலையில்தான் உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

அவருடைய வாசலில் நின்ற அட்டை எந்தக் கட்சியுடையது என்று சொல்லத் தேவையில்லை. கூரையில் சூரியத் தகடு பதித்திருக்கும் என்னை அவர் கேலி செய்வதும் உண்டு. பிட்ஸ்பர்க்கின் மேகத்தைப் பார்த்தால் அதில் நியாயமும் உண்டு.

அன்றைய விவாதத்தில் காலநிலை மாற்றத்தைப் பற்றிய கேள்வி ஏறக்குறைய கடைசியாக வந்தது. ஆளுக்கு ஒரு நிமிடம். புயலும் தீயும் கண்ட மாநிலங்களில் வீட்டுக் காப்பீடு மறுக்கப்படுவதையும் கட்டணம் ஏறுவதையும் ஹாரிஸ் சொன்னார். டிரம்ப் மெக்சிகோவில் கட்டப்படும் கார் ஆலைகளைப் பற்றிப் பேசினார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு பரிமாறப்பட்ட பாயசம். முந்தைய ஆண்டு மில்வாக்கியில், குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்றவர்களின் விவாத மேடையில், காலநிலைச் செயல்திட்டமே ஒரு மோசடி என்று முழங்கிய விவேக் ராமசாமியும் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர் என்பதை அப்பாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஒரே காலையில் இரண்டு அதிர்ச்சி அவருக்கு ஆகாது.

தேர்தல் முடிந்தது. டிரம்ப் இம்முறை பென்சில்வேனியாவில் ஏறத்தாழ 1,20,000 வாக்குகளில் வென்றார். 2025 ஜனவரி 20ஆம் தேதி, பதவியேற்ற நாளிலேயே, பாரிஸ் உடன்பாட்டிலிருந்து மீண்டும் விலகும் ஆணையில் கையெழுத்திட்டார். வீட்டுக்கூரைச் சூரியத் தகடுகளுக்கு 2032 வரை இருந்திருக்க வேண்டிய 30 விழுக்காட்டு வரிச்சலுகை, அந்த ஜூலையில் வந்த சட்டத்தால் 2025 இறுதியோடு நின்றது. நான் முந்திக்கொண்டுவிட்டேன் என்பதில் ஒரு அற்ப மகிழ்ச்சி.

அந்த நாட்களில் ஒருநாள் அப்பா அழைத்தபோது, பேச்சு நிலத்தைப் பற்றித் திரும்பியது. உன் வீட்டுக்கு அடியிலும் மீத்தேன் இருக்குமா, இருந்தால் உனக்கும் காசு வருமா என்று கேட்டார். எழுந்து போய் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வந்தேன். மேற்குப் பென்சில்வேனியாப் பத்திரங்களில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு இருக்கும்: நிலத்துக்கு அடியிலுள்ள நிலக்கரியையும், மேல்நிலத்தை அது தாங்கி நிற்கவேண்டும் என்ற உரிமையையும் இந்த ஆவணம் விற்கவில்லை. என்றைக்கோ, யாரோ ஒரு பழைய உரிமையாளர் அடியை மட்டும் தனியாக விற்றுவிட்டுப் போயிருக்கிறார். எரிவாயுவும் அதே கதைதான் என்று வாங்கும்போதே வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அறிவிப்பை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். குத்தகைப் பாக்கிக்காகத் தாத்தா ஏறி இறங்கிய வழக்குகளைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் அப்பா; பத்திரம் என்றால் காது கூர்மையாகிவிடும். உழுபவன் பங்கு குடிவாரம், நிலக்காரர் பங்கு மேல்வாரம் என்பது அவருக்கு அந்த வழக்குகளின் பாடம்.

"அப்ப உனக்குக் குடிவாரம் மட்டுந்தான்" என்றார். "மேல்வாரம் கீழ இருக்கு."

தன் நகைச்சுவைக்குத் தானே நெடுநேரம் சிரித்தார். பிறகு, மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது என்று உனக்கே தெரிந்திருக்கும், கைப்பேசியில் பார்த்துச் சொல் என்றார்.