வேர் முடியாத ஒரு முன்பல்

2024 ஜூன் 10

ஒன்பது வயதுப் பையன். போன வருடம் சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பல் உடைந்திருக்கிறது. வலி நின்றதும் வீட்டில் அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது ஈறில் சீழ்க்கொப்புளம். எக்ஸ்ரேயில் வேர் நுனி அகலத் திறந்து கிடக்கிறது, சுவரும் மெல்லியது. பல்லுக்குள் இருக்கும் உயிருள்ள திசுவான பல்கூழ் செத்ததால் வேர் வளர்வது பாதியில் நின்றுவிட்டது.

வழக்கமான ரூட் கேனல் செய்தால் தொற்று போகும், வேர் மட்டும் இதே மெலிவோடு நின்றுவிடும். இன்னொரு அடி பட்டால் பல்லின் கழுத்தில் முறியலாம். அதனால், வேருக்குள் உயிருள்ள திசுவை மறுபடி வளர வைக்கப் பார்க்கும் மீளுருவாக்க சிகிச்சை. “நரம்பு திரும்ப வந்துடுமா டாக்டர்?” என்று அம்மா கேட்டார். “உயிருள்ள திசு உள்ளே வர வாய்ப்பு இருக்கும்மா. பழைய மாதிரியே வரும்னு சொல்ல முடியாது” என்றேன்.

ஃபைல் என்ற மெல்லிய அரம் போன்ற கருவியால் சுவரைச் சுரண்டவில்லை. கிருமியைக் கொல்லும் 1.5% ஹைப்போகுளோரைட் 20 மி.லி., ஐந்து நிமிடம், மெதுவாக. அப்புறம் சலைன். உள்ளே கிருமியை அடக்கக் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடினேன். மினோசைக்ளின் சேர்ந்த மூன்று ஆன்டிபயாட்டிக் பேஸ்ட் பல்லைக் கறுக்க வைக்கும். முன்பல்லுக்கு அது வேண்டாம்.

2024 ஜூன் 23

அப்போது ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்கில் இருந்த கெர்ஸ்டின் காலர் குழுவின் 2011 ஆய்வை மறுபடி படித்தேன். டென்டின் (பல்லின் உட்சுவர்ப் பொருள்) உருளைகளுக்குள், வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய பல்கூழ் ஸ்டெம் செல்களை வைத்து எலிகளின் தோலுக்கடியில் பதித்தார்கள். ஹைப்போகுளோரைட்டில் ஊறிய டென்டினைச் செல்கள் அரித்துக் குழி போட்டன. இ.டி.டி.ஏ. என்ற இன்னொரு கழுவும் திரவத்தில் ஊறியதில் சுவரை ஒட்டி, டென்டினைக் கட்டும் ஒடோன்டோபிளாஸ்ட் மாதிரிச் செல்கள் வரிசையாக நின்றன. அதே செல், அதே டென்டின். கழுவிய திரவம்தான் வேறு.

காரணம் டென்டின் உருவாகும் விதத்தில் இருக்கிறது. ஒடோன்டோபிளாஸ்ட்கள் அதைக் கட்டும்போதே டி.ஜி.எஃப். பீட்டா 1, பி.எம்.பி. 2, வி.இ.ஜி.எஃப். போன்ற, செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளையும் உள்ளே விட்டுவிடுகின்றன. மேலே தாது படிந்ததும் அவை சிறைப்பட்டுப் போகின்றன, விதைநெல்லைக் குதிருக்குள் போட்டுப் பூசி வைத்த மாதிரி. இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்து இழுக்க, மேற்பரப்புத் தாது கரைந்து அவை வெளியே வருகின்றன. ஹைப்போகுளோரைட்டோ புரதத்தையே சிதைக்கும். இந்தக் காரணிகளும் புரதங்கள்தான். கிருமியைக் கொல்ல அது வேண்டும், ஆனால் கடைசிக் கழுவல் அதுவாக இருக்கவே கூடாது. இந்த வரிசையை ஒவ்வொரு பல் மருத்துவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2024 ஜூலை 8

கொப்புளம் வற்றிவிட்டது. அட்ரினலின் கலக்காத மரப்பு ஊசி போட்டேன். அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும், இன்று வேருக்குள் ரத்தம் வந்தாக வேண்டும்.

இன்று ஹைப்போகுளோரைட்டைத் தொடவே இல்லை. 17% இ.டி.டி.ஏ. 20 மி.லி., ஐந்து நிமிடம். பேப்பர் பாயிண்ட் என்ற காகிதக் குச்சியால் ஒற்றி எடுத்தேன். வளைத்த கே-ஃபைலை வேர் நுனிக்கு 2 மி.மீ. தாண்டிச் செலுத்தினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. மறுபடி லேசாகத் திருப்பியதும் மைக்ரோஸ்கோப்பில் அடியிலிருந்து சிவப்பு ஏறி வருவது தெரிந்தது. நுனித் திசுவிலுள்ள ஸ்டெம் செல்களும் அந்த ரத்தத்தோடு வருகின்றன என்று 2011-இலேயே வேறொரு குழு காட்டியிருக்கிறது. அவற்றை அழைக்கவும் நிலைக்க வைக்கவும் வேண்டியது சுவரிலேயே இருக்கிறது. கடையில் வாங்க வேண்டியதில்லை.

ரத்தம் உறைந்ததும் கொலாஜன் துண்டு, அதன் மேல் மூடும் சிமென்ட்டான பயோடென்டின், பிறகு பல் நிற அடைப்பான காம்போசிட். பையன் அசையாமல் உட்கார்ந்திருந்தான், கெட்டிக்காரன்.

2025 ஜனவரி 13

வேர் நுனியைச் சுற்றியிருந்த கருநிழல் போய்விட்டது. அந்த நுனியின் வாய் கொஞ்சம் குறுகியிருக்கிறது. சுவர் தடித்ததாக இன்னும் சொல்ல முடியாது. பல் குளிர்ச்சியை உணர்கிறதா என்ற சோதனைக்குப் பதில் இல்லை.

உள்ளே வளர்ந்தது பல்கூழ்தானா? இப்படிச் சிகிச்சை பெற்றுப் பிறகு பிடுங்க நேர்ந்த பற்களை வெட்டிப் பார்த்தபோது பெரும்பாலும் சிமென்ட்டம் (வேரின் மேலுறை), எலும்பு போன்ற திசுதான் இருந்தது. அம்மாவிடம் அதையும் விளக்கினேன். எனக்கு இப்போதைக்குத் தொற்று போனதும், வேர் நுனி மூட ஆரம்பித்ததும் பெரிய விஷயம்.

அடுத்த எக்ஸ்ரே ஜூலையில். பையன் கிரிக்கெட் ஆடுகிறானாம். மவுத் கார்டுக்கு அளவெடுத்துவிட்டேன்.