‘ஃபர் எலிஸ்’ முதல் பகுதி: இடக்கைப் பெருவிரலோடு ஏழு வாரங்கள்

பீத்தோவனின் ‘ஃபர் எலிஸ்’ என்ற பியானோ இசையின் முதல் பகுதியை ஏழு வாரங்களாகப் பழகி வருகிறேன். 1810இல் எழுதப்பட்டதாகக் கருதப்படும் இந்தச் சிறு இசை, அவர் மறைந்து 40 ஆண்டுகள் கழித்து, 1867இல்தான் அச்சேறியது. புதிதாகக் கற்பவர்களுக்கு எட்டக்கூடியது முதல் பகுதிதான். நடுவில் எஃப் மேஜர் என்ற சுரவரிசையில் வரும் வேகமான பகுதியை இப்போதைக்கு நான் தொடவில்லை. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் இருப்பது 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு. விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் என்பதாலும், கட்டையை விட்ட பிறகும் ஒலியைத் தாங்கிப் பிடிக்கும் சஸ்டெயின் பெடல் இருப்பதாலும், இந்தப் பாடத்துக்கு அது போதுமானதாக இருக்கிறது.

வலக்கை ஒரு வாரத்தில் பிடிபட்டது. மீதி ஆறு வாரங்களும் இடக்கைக்கே போயின.

இடக்கைக்கு வருபவை பெரும்பாலும் மூன்று மூன்று சுரங்கள். மேற்கத்திய இசையின் எழுத்துப் பெயர்களில் ஏ–ஈ–ஏ என்று சுண்டுவிரல், ஆள்காட்டி விரல், பெருவிரல் வரிசையில் கீழிருந்து மேலே ஏற வேண்டும். பெருவிரல் விட்ட இடத்திலிருந்து வலக்கை சி–ஈ–ஏ என்று அதே ஏற்றத்தைத் தொடர வேண்டும். ஆறு சுரங்களும் ஒரே கை வாசித்தது போல் கேட்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள அழகு. நான் வாசித்தபோதோ மூன்றாவது சுரம் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது.

இதை முதலில் கண்டுபிடித்தது நான் அல்ல, சிறுவயதில் வாய்ப்பாட்டு கற்ற என் அம்மா. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் மாலை சமையலறையிலிருந்து வந்து நின்றவர், “ஏம்பா, அது ச–ப–ச தானே? தம்பூரா மாதிரி பின்னாடி இருக்க வேண்டியது, ஏன் பாட்டுக்கு முன்னாடி வந்து இடிக்குது?” என்று கேட்டார். ஏ சுரத்தை ஷட்ஜமமாக, அதாவது ‘ச’வாக வைத்துக்கொண்டால் இடக்கை வாசிப்பது உண்மையிலேயே ச–ப–ச தான். தொடக்கத்தில் வலக்கை ஈ, டி ஷார்ப் என்று மாறி மாறித் தொடுவது பஞ்சமமும் (ப), அதற்கு அரைச்சுரம் கீழே உள்ள பிரதி மத்யமமும்தான். ஏட்டில் புள்ளிகளாகத் தெரிந்தவை அன்றைக்குத்தான் எனக்குச் சுரங்களாகக் கேட்டன.

மறுநாள் முதல், சீராகத் தட்டி வேகத்தைக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து, இடக்கையை மட்டும் வாசித்தேன். பெருவிரலை மேலிருந்து இறக்காமல், முன்பே கட்டையின் மேல் படுக்க வைத்து, அதன் ஓரத்தால் மெல்ல அமிழ்த்தினால் இடி குறைந்தது. ஈ–ஈ–ஜி ஷார்ப் வரும் இடம் வேறு வகைச் சிக்கல். அடியிலிருந்து உச்சிவரை ஓர் எட்டுச்சுர இடைவெளியையும் (ஒரு ஸ்தாயியையும்) தாண்டும் தூரம் அது. என் கை அவ்வளவு விரியாது. கீழ் ஈ ஒலித்தவுடன் சுண்டுவிரலை விட்டுவிட்டு, மணிக்கட்டை வலப்பக்கம் நகர்த்தி, கையைச் சற்று உள்ளே தள்ளினால்தான் பெருவிரல் கறுப்புக் கட்டைக்குப் பதறாமல் போய்ச் சேருகிறது. விட்ட சுரத்தைப் பெடல் தாங்கிக்கொள்கிறது.

பெடலை அளவில்லாமல் மிதித்ததும் என் தவறுகளில் ஒன்று. அடிச்சுரம் மாறும் கணத்தில் காலை எடுத்து மீண்டும் மிதிக்காவிட்டால் முந்தைய ஏ மைனர் சுரக்கூட்டு அடுத்த ஈ மேஜர் சுரக்கூட்டோடு கலந்து சேறாகிவிடும். ஈ–டி ஷார்ப் மட்டும் தனித்து வரும் இடங்களில் பெடலே கூடாது என்பது என் முடிவு.

ஐந்தாவது வாரத்திலிருந்து, இந்தச் சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கைபேசியில் பதிவு செய்து கேட்கிறேன். இடையில் இடக்கை சி, ஜி, ஏ என்று அடிச்சுரத்தை மாற்றிக்கொண்டே போக, வலக்கையின் மெட்டு ஈ, டி, சி, பி என்று படிப்படியாக இறங்கும் நான்கு வரிகள் வருகின்றன. முழு இசையிலும் என் மனத்தைத் தொடுவது அந்த இறக்கம்தான். இடக்கை அடங்கி ஒலித்தால் மட்டுமே அது கேட்கிறது. நேற்றைய பதிவில் நான்கில் மூன்று வரிகளில் கேட்டது. நான்காவதில், ஈ சுரம் இரண்டு கைகளுக்கும் இடையே தாவத் தொடங்கும் இடத்தில், பெருவிரல் பழையபடி கனத்துவிட்டது. இந்த வாரம் அந்த ஒரு வரியை மட்டும், மீண்டும் 50 தட்டில், வாசிக்கப் போகிறேன்.