இன்டென்ட் தாளில் முடிவாகும் சாப்பாடு

கடலூர் சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையின் உணவகத்தை மேற்பார்வை செய்வது என் பணி. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவகம் கட்டாயம் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்ததால் உருவான வேலை இது. உணவும் சுற்றுச்சூழலும் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் உண்பவரின் மனசாட்சியை நோக்கியே அது பேசப்படுகிறது. ஆனால், மூன்று ஷிஃப்டுகளுக்குச் சோறு போடும் இடத்தில் டோக்கனை நீட்டுபவருக்குத் தேர்வு என்று அதிகம் இருப்பதில்லை. எந்த அரிசி, எந்த மீன், எவ்வளவு பால் என்பதெல்லாம் முந்தைய நாள் மாலை நான் எழுதும் இன்டென்ட் தாளிலேயே, அதாவது தேவைப்படும் பொருள்களின் பட்டியலிலேயே, முடிவாகிவிடுகின்றன.

இதை நான் தீவிரமாக எண்ணத் தொடங்கியது 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்த பிறகுதான். 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டிய பூர், நெமெச்செக் என்ற இரு ஆய்வாளர்கள், மனிதச் செயல்களால் வெளியாகிப் புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 26 விழுக்காடு உணவால் வருவதாகக் கணக்கிட்டிருந்தார்கள். எந்த உணவால் எவ்வளவு வாயு என்ற அவர்களின் பட்டியலில் மாட்டிறைச்சிதான் உச்சியில் இருந்தது. எங்கள் சமையலறைக்குள் அது வருவதே இல்லை என்பதால், நமக்கு இதில் பங்கில்லை என்று பட்டியலை மூடி வைத்துவிடலாம். ஆனால் தானியங்களின் வரிசையில் அரிசி கோதுமையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நின்றது. நாங்கள் மூட்டை மூட்டையாக இறக்குவது அதைத்தானே.

காரணம் வயலில் நிற்கும் தண்ணீர். நீர் தேங்கிய சேற்றுக்குள் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் வைக்கோலையும் வேர்களையும் தின்று, பசுங்குடில் வாயுக்களில் ஒன்றான மீத்தேனை வெளியிடுகின்றன. நெற்பயிரின் தண்டு வழியாகவே அதில் பெரும்பகுதி மேலே வருகிறது. வீராணம் ஏரிப் பாசனத்தில் விளையும் காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல்லுக்கும் இது பொருந்தும். நீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை விட்டு மறுபடி பாய்ச்சும் முறையை நம் வேளாண் அலுவலர்கள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பார்கள். மீத்தேனைப் பாதியளவுக்குக் குறைக்கவல்ல முறை அது. இருந்தாலும் எந்த நெல் அப்படி விளைந்தது என்று எந்த அரிசி மூட்டையிலும் அச்சிட்டிருப்பதில்லை. மண்டிக்காரரிடம் கேட்டால், பழையதா புதியதா என்பதைத் தவிர வேறு விவரம் கிடைக்காது. ஆகவே வயலைப் பற்றி என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

எச்சில் தொட்டியைப் பற்றிச் செய்யக்கூடியது அதிகம். குப்பைமேட்டில் ஈரத்தோடு புதையும் சோறும் காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகிறது. வயலில் ஒரு முறை, குப்பையில் ஒரு முறை என்று அந்தச் சோறு இருமுறை வாயுவை வெளியிடுகிறது, நடுவில் யார் பசியையும் ஆற்றவில்லை. உலக அளவில் 2022-இல் மட்டும் நூறு கோடி டன்னுக்கு மேல் உணவு வீணானதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை சொல்கிறது. எங்கள் தொட்டியில் விழுந்ததில் பெரும்பகுதி வெறும் சோறுதான். குழம்பு படாத சோறு. பரிமாறுபவர் பெரிய கரண்டியால் இரண்டு முறை வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவார். வரிசை நீளமாக இருக்கும்போது அவரைக் குறை சொல்ல முடியாது. கரண்டியைச் சிறிதாக்கி, இரண்டாவது முறை கேட்பவர்களுக்கென்று வரிசையில் நிற்கத் தேவையில்லாத தனி மேசை ஒன்றைப் போட்டோம். தொட்டியின் கனம் கண்கூடாகக் குறைந்தது. அளவைக் குறைக்கிறார்கள் என்ற முணுமுணுப்பும் எழுந்தது. அந்த மேசையில் யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை என்பது உறுதிப்பட்ட பிறகே அது அடங்கியது.

மீனில்தான் சிக்கல் அதிகம். கடலூர் முதுநகர் துறைமுகம் இவ்வளவு அருகில் இருந்தும், மீன் குழம்பு என்றால் வஞ்சிரமாக இருக்க வேண்டும் என்பது உணவகக் குழுவின் நெடுநாள் எதிர்பார்ப்பு. வஞ்சிரம் பிற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன். மத்தி மிதவை உயிரிகளைத் தின்று, விரைவில் வளர்ந்து, கூட்டமாகத் திரிவதால், கிலோவுக்கு அதிக டீசல் எரிக்காமல் பிடிபடும் மீன். அதனால் மத்தியே மேல் என்று எழுதிவிடலாம், ஆனால் அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. மத்திக் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. அந்த வலையை வைத்து இந்த மாவட்டத்தின் மீனவ ஊர்களுக்குள் எழுந்த பகைமை இன்னும் முழுதாகத் தீரவில்லை. இது போதாதென்று, மத்தியில் ஒரு பங்கு அரைபட்டு மீன்தூளாகி இறால் பண்ணைகளின் தீவனத்துக்குப் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மீனை வாங்குவதைவிட முட்டைக் குழம்பு வைப்பதே சரி என்று நான் முடிவு செய்தேன். மற்ற மாதங்களில் மத்தியும் கானாங்கெளுத்தியும் மாறி மாறி வருகின்றன. வஞ்சிரம் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்துக்கு மட்டும் என்று குழுவும் நானும் சமரசம் செய்துகொண்டோம்.

சிறுதானியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, நிர்வாகம் கம்பங்கூழைக் காலை உணவில் சேர்க்கச் சொன்னது. மானாவாரியில் விளைவது, நிற்கும் நீர் வேண்டாதது, ஆகவே மீத்தேன் இல்லாதது என்று சுவரொட்டி ஒட்டினோம். திட்டக்குடிப் பக்கத்து மூத்த தொழிலாளி ஒருவர் அதைப் படித்துவிட்டு, “கூழு குடிச்சு வளந்தவன்தான் சார் நானு, இங்க வந்துமா கூழு?” என்று கேட்டார். ஊரில் வறுமையின் அடையாளமாக இருந்ததை ஆலையில் வந்து ஆரோக்கியம் என்று நீட்டினால் அவருக்குக் கோபம் வருவது நியாயமே. அதைவிட வேடிக்கை, இரவில் அண்டாவில் பரிமாறப்படாமல் மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்துக் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கொடுத்த பழைய சோற்றை இதே மனிதர்கள் போட்டிபோட்டுக் கேட்டார்கள். சுகாதாரத் தணிக்கைக்கு வந்தவர்தான் முகம் சுளித்தார். சோறு ஆறியவுடன் நீர் ஊற்றிய நேரத்தையும் பரிமாறிய நேரத்தையும் பதிவேட்டில் குறிக்க ஒப்புக்கொண்ட பிறகே அவர் இசைந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் பாலை மட்டும் தொட முடியவில்லை. இந்திய வேளாண்மையிலிருந்து வரும் பசுங்குடில் வாயுக்களில் பாதிக்கு மேல் கால்நடைகளின் செரிமானத்திலிருந்தே வருகிறது. அந்தக் கணக்கில் எங்கள் உணவகத்தின் பெரிய சுமை இறைச்சியைவிடத் தேநீர்ப் பாத்திரத்தில்தான் இருக்கக்கூடும். பால் இல்லாத தேநீரைக் குழுவில் முன்மொழிந்தபோது யாரும் மறுப்புக்கூடச் சொல்லவில்லை, அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். இரவு ஷிஃப்டுக்கு மட்டும் சுக்குக் காப்பிக்கு ஓர் அண்டா ஒதுக்கச் சம்மதம் கிடைத்தது. அது தினமும் தீர்ந்துவிடுகிறது. ஆனால் பால் இன்டென்ட் குறையவில்லை, சுக்குக் காப்பி குடிப்பவர்கள் தேநீரையும் விடாமல் குடிக்கிறார்கள்.