நெக்ஸ்ட் கொஸ்டின்

ஜெர்மனி காலேஜோட சேர்ந்து ஆன்லைன்ல நடத்துற கூட்டு கிளாஸ்ல, அந்தப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு மரியாதையாத்தான் கேட்டுச்சு, உங்க ஊர்ல ஜாதி இன்னும் இருக்கான்னு. எங்க பையன் ஒருத்தன் உடனே மைக்க ஆன் பண்ணி, "அதெல்லாம் தாத்தா காலம், சிட்டில யாரும் பாக்குறதில்ல"ன்னுட்டான். ஸ்கிரீன்ல கீழ் வரிசைல ஒரு கேமரா ஆஃப் ஆச்சு. அது யாருன்னு எனக்குத் தெரியும், அவனோட ஸ்காலர்ஷிப் ஃபார்ம்ல கையெழுத்து போட்டதே நான்தான். "ஓகே, நெக்ஸ்ட் கொஸ்டின்"னு போயிட்டேன்.

கிளாஸ் முடிஞ்சதும் கேமராவ ஆஃப் பண்ணவன் ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னான். "சார், டர்பன் மாநாடு பத்திப் பாடம் நடத்துனது நீங்கதானே?"ன்னான்.

நான்தான் நடத்துனேன். 2001ல ஐநா தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல நடத்துன இனவெறி எதிர்ப்பு மாநாட்டுக்கு தலித் அமைப்புகள் போயி ஜாதியையும் சேருங்கன்னு போராடுனாங்க, அது இனம் இல்ல, எங்க உள்நாட்டு விஷயம்னு நம்ம அரசு எதிர்த்துச்சு, கடைசி அறிக்கைல ஜாதிங்கிற பேச்சே இல்ல. மறுவருஷம் ஐநாவோட இனப்பாகுபாடு ஒழிப்புக் கமிட்டி 29வது பொதுப் பரிந்துரைல ஜாதியையும் சேத்துச் சொல்லிச்சு. இதெல்லாம் விலாவாரியா நடத்திட்டு, அதே கேள்வி நம்ம கிளாஸுக்குள்ளயே வந்தப்ப தாண்டிப் போயிட்டேன்னு அவன் நினைக்கிறான்.

ஆனா என்ன பண்ணிருக்க முடியும்? அவனப் பேசச் சொன்னா அத்தனை வெளிநாட்டுப் பசங்க முன்னாடி அவன நிறுத்தி வச்ச மாதிரி ஆயிரும், போதாக்குறைக்கு ரெக்கார்டிங் வேற ஓடுது. இதச் சொன்னேன். "நான் பேசணும்னு சொல்லல சார், அவன் சொன்னது சரியில்லன்னு நீங்க சொல்லிருக்கலாம்ல"ன்னான்.

சொல்லிருக்கலாம். 2023ல நாங்குநேரில கூடப் படிச்ச பசங்களே ஒரு பிளஸ் டூ பையனையும் அவன் தங்கச்சியையும் ஜாதி வெறில வீடு புகுந்து வெட்டுனாங்க, அதுக்கப்புறம்தான் பள்ளிகள்ல ஜாதி மோதலத் தடுக்க வழி சொல்ல நீதிபதி சந்துரு கமிட்டி போட்டாங்க, இதச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனா மைக்ல பேசுன பையனும் பொய் சொல்லல, அவன் வளந்த அபார்ட்மெண்ட்ல அவன் கண்ணுல அது பட்டதே இல்ல, அவனையும் அத்தனை பேர் முன்னாடி தலைகுனிய வைக்கிறதான்னு ஒரு யோசனை. இவன் ஏற்கனவே கேமராவ ஆஃப் பண்ணிட்டானேன்னு நினைச்சா அந்த யோசனையும் நிக்க மாட்டேங்குது.

பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யூஜிசி, 2021ல உயர்கல்விய சர்வதேசமயமாக்க வழிகாட்டுதல் குடுத்ததுலேர்ந்து இன்டர்நேஷனல் ஆபீஸ், கூட்டு கிளாஸ்னு நிறைய வருது, நல்லதுதான், நான் அத முழுசா நம்புறேன். அந்தப் பொண்ணு கேக்கலேன்னா எங்க கிளாஸ்ல இந்தக் கேள்விய யாருமே கேட்டிருக்க மாட்டாங்க, எங்க பசங்க பக்கத்து பக்கத்து பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க.

அடுத்த கிளாஸுக்கு டர்பனையே எடுத்துக்கலாம்னு அங்க உள்ள மேடத்துக்கு மெயில் போட்டேன், சரின்னுட்டாங்க. அவன்கிட்ட வருவியான்னு கேக்கல. கேட்டா எனக்காக வந்துருவான், அதான்.