பெட்டிமுடி: ஓடை இறங்கிய வழி

மூணாறுக்கு வருகிறவர்கள் வரையாடு பார்க்க ராஜமலை வரை போவார்கள். வனத்துறை பஸ் அங்கேயே நின்றுவிடும். பெட்டிமுடி என்கிற தேயிலைத் தோட்டக் குடியிருப்பு அதற்கும் அப்பால். டிசம்பரில் ஒரு காலை, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு தம்பியின் ஜீப்பில் போனேன்.

2020 ஆகஸ்ட் 6 இரவு இங்கேதான் தொழிலாளர் லயங்கள், அதாவது வரிசை வீடுகள், நிலச்சரிவில் மண்ணோடு போயின. இறந்தவர்கள் 70 பேர்; அவர்களில் நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பெரும்பாலும் கயத்தாறு பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தேயிலைக் குடும்பங்கள். அன்று 24 மணி நேரத்தில் கொட்டிய மழை 600 மில்லிமீட்டருக்கு மேல். அவர்களுடைய சொந்த மாவட்டமான தூத்துக்குடியில் ஏறக்குறைய ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழை அது. கரண்ட் இல்லை, போன் இல்லை, மூணாறிலிருந்து வரும் வழியில் பெரியவரையில் இருந்த தற்காலிகப் பாலமும் அடித்துப் போயிருந்தது. விஷயம் வெளியே தெரிவதற்கே விடிந்துவிட்டது.

சரிவு தொடங்கிய இடத்தைத் தம்பி காட்டினார். லயங்களுக்குப் பின்னால் இல்லை. வெகு மேலே, புல்மேட்டை ஒட்டிய ஒரு மடிப்பு. இந்த மலைகளில் பாறைக்கு மேல் மண் மெல்லிய போர்வையாகத்தான் கிடக்கிறது. சுற்றுச் சரிவுகளின் நீரெல்லாம் இப்படிப்பட்ட மடிப்புகளில் வந்து சேரும். மண்ணுக்குள் இறங்குகிற நீர் பாறையைத் துளைத்துப் போக முடியாமல் அங்கேயே தேங்கும். அதன் அழுத்தம் ஏற ஏற, மண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி விட்டுப்போகும். அப்புறம் மரம், பாறை, மண் எல்லாம் ஒன்றாக வழுக்கி ஓடைக்குள் இறங்கும். ஓடைத் தண்ணீரும் கலந்ததும் அது சேற்று வெள்ளம். வெறும் தண்ணீரால் நகர்த்த முடியாத பாறையையும் அந்தச் சேறு தூக்கிக்கொண்டு வரும்.

அப்படி வந்த பாறை ஒன்றின் பக்கத்தில் நின்றேன். என் உயரத்தைவிடப் பெரியது. அதன் இடுக்கில் பெரணி முளைத்திருந்தது. அடியில் ஒரு கூரைத் தகரம், பாய் மடித்த மாதிரி நாலாக மடிந்து கிடந்தது. எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

இலங்கையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29 அன்று, புதைந்ததும் மலையகத் தமிழர்களின் லயங்கள்தான். வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் உடைந்த மலை, ஆற்றுவழியாக ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடி முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்தது. தோட்டங்களில் சரிவெல்லாம் தேயிலைக்கு. ஆட்களுக்கு மிஞ்சுவது ஓடையோரத்துச் சமதளம். அந்தச் சமதளங்களில் பலவும் பழைய சரிவுகள் கொண்டுவந்து கொட்டிய மண்ணால் ஆனவை. அங்கே குடியிருப்பு கட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மழையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமே இல்லை.

“ராத்திரி மழை விடாமப் பெஞ்சா தூக்கமே வராதுண்ணே” என்றார் தம்பி. ஓடை திடீரென்று கலங்கினாலோ, மழை பெய்யும்போதே தண்ணீர் குறைந்தாலோ யோசிக்காமல் உடனே வெளியேறிவிட வேண்டும் என்றார். மேலே எங்கோ மண் அடைத்திருக்கிறது என்று அர்த்தமாம். அவர் வீடும் ஓடைக்குப் பக்கத்தில்தான். இப்போதெல்லாம் ஆகஸ்ட் பிறந்ததுமே அம்மாவை மூணாறு டவுனில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்.