எங்கள் வீட்டுப் பால் கணக்கு

2024 ஜூன் 3, திங்கள்

ஆறு மாதமாகக் காலைக் காப்பி குடித்த ஒரு மணி நேரத்துக்குள் எனக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. இரவு படுக்கும்முன் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டால் விடிய விடிய வயிற்றில் இரைச்சல் கேட்கிறது. ஐம்பத்து நான்கு வயதுவரை பாலும் தயிருமாக வளர்ந்த உடம்புக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்டேன். இன்று பார்த்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை உடைத்துச் செரிக்கவைக்கும் லாக்டேஸ் என்ற நொதி, பால்குடி மறந்த பிறகு உலகத்தில் பெரும்பாலோருக்குக் குறைந்துகொண்டே வருமாம். வடமேற்கு இந்தியர் பலரிடம் அந்த நொதியைக் கடைசிவரை சுரக்கவைக்கும் மரபணு மாற்றம் இருக்கிறது. தென்னிந்தியரிடம் அது குறைவு. சிறுகுடலில் உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதித்து வாயுவாகிறது. பால் ஒவ்வாமை என்பது பாலின் புரதத்தை உடம்பின் எதிர்ப்பாற்றல் எதிர்ப்பது என்றும், எனக்கு இருப்பது அதுவல்ல என்றும் தெளிவாகச் சொன்னார். இரண்டு வாரம் பாலை முழுவதும் நிறுத்திவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

பெங்களூரில் இருக்கும் மகளுக்குச் செய்தி போன சில மணி நேரத்திலேயே ஆறு லிட்டர் பாதாம் பால் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கிவிட்டது. என் ஒருத்திக்காக இரண்டு பால் எதற்கு என்று, நாளை முதல் வீட்டில் எல்லோருக்குமே அதுதான் என முடிவு செய்தேன்.

ஜூன் 6, வியாழன்

அவசரப்பட்டுவிட்டேன். இன்று காலை அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன கண்ணு, காப்பி கழனித் தண்ணியாட்டம் இருக்குது?" என்றார்கள். சுவைக்காகச் சொல்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். இரவு கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்தச் சொல் எவ்வளவு சரியானது என்பது புரிந்தது.

பெட்டியின் பின்பக்க எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. தண்ணீர், பாதாம் 3 சதவீதம், உப்பு, கெட்டித்தன்மைக்கு ஒரு கோந்து, அவ்வளவுதான். 100 மில்லியில் புரதம் 0.6 கிராம். கால்சியம் சேர்த்திருப்பதாக ஒரு சொல்லும் இல்லை. பசும்பாலிலோ 100 மில்லிக்கு ஏறத்தாழ 3.2 கிராம் புரதமும் 120 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன.

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. 45 கிலோ எடை. முட்டையும் கறியும் தொடாதவர்கள். ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதன்படி அவர்களுக்கு ஒரு நாளைக்கு 37 கிராம் வேண்டும். காலையும் மாலையும் குடித்துவந்த இரண்டு டம்ளர் பால், அதாவது 400 மில்லி, அதில் 13 கிராமைக் கொடுத்துவந்தது. நான் மாற்றிக் கொடுத்த பாதாம் பால் கொடுப்பது இரண்டரை கிராம்கூட இல்லை. பல் போன வயதில், சோற்றைக் குழைத்துப் பாதி வயிறு மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குப் பால்தான் பருப்புக்கும் மேலான ஆதாரமாக இருந்திருக்கிறது. பி12 உயிர்ச்சத்தும் அப்படியே. அது தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. சைவர்களுக்குப் பாலும் தயிருமே அதன் வாசல். இரண்டு டம்ளர் பால் ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய பாதியையாவது கொடுத்துவிடும். பி12 ஈரலில் சேமிப்பாக இருக்கும் என்பதால் மூன்று நாளில் எதுவும் குறைந்துவிடாது. ஆனாலும் மூன்று நாளில் இதைக் கண்டுகொண்டேனே என்று மனம் ஆறுகிறது.

மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். "அதில் கொழுப்பு குறைவு, சர்க்கரை இல்லை, அதனால்தானே அம்மா அனுப்பினேன்" என்றாள். அவள் சொல்வதும் பொய்யில்லை. எடை குறைக்க நினைப்பவர், பருப்பும் முட்டையும் தாராளமாகச் சாப்பிடுகிறவர் இனிப்பு சேர்க்காத பாதாம் பாலைக் குடிப்பதில் தவறில்லை. பால் கொடுத்துவந்ததை அது கொடுக்கும் என்று நம்பிக் குடிப்பதுதான் தவறு. பத்துப் பாதாமை ஊறவைத்து மென்று தின்றால் அந்த ஒரு டம்ளரைவிட அதிகப் புரதம் சேரும். விலையும் அதில் சிறு பங்குதான்.

நாளை முதல் அத்தைக்குப் பழையபடி பசும்பால்.

ஜூன் 9, ஞாயிறு

புரதத்தில் பசும்பாலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் தாவரப்பால்களில் முதன்மையானது சோயாப் பால் என்று படித்தேன்; 100 மில்லிக்கு 3 கிராம் அளவில் கிடைக்கிறது, உடம்பு தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் அத்தனையும் அதில் உண்டு. வாங்குவதற்கு முன் வீட்டில் செய்து பார்க்கலாம் என்று சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குப் போனேன். சோயா என்றதும் கடைக்காரர் மீல்மேக்கர் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். எண்ணெய் எடுத்த சக்கையில் செய்த உருண்டை அது. முழுப் பயறு வேண்டும் என்று இரண்டாம் முறை சொன்ன பிறகு, மஞ்சளாய் உருண்டையாய் இருக்கும் பயறை மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்தார்.

100 கிராமை இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் அது இரண்டு மடங்குக்கு மேல் பெருத்து, தோல் கையோடு வந்தது. சோயாவின் பச்சை வாடைக்குக் காரணம், அரைக்கும்போது வெளிவந்து அதன் கொழுப்பைத் தாக்கும் ஒரு நொதி. பயறைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்து வெந்நீர் விட்டே அரைத்தால் அந்த நொதி அடங்கிவிடுகிறது. அப்படியே அரைத்து, மல் துணியில் வடித்து, அடுப்பில் வைத்தேன். பசும்பால் பொங்கினால் காய்ந்துவிட்டது என்று பொருள். சோயாப் பால் கொதிநிலைக்கு வெகு முன்பே நுரைத்துக்கொண்டு விளிம்புவரை ஏறி ஏமாற்றுகிறது. அந்த நுரையைக் கண்டு அடுப்பை அணைத்துவிடக் கூடாது. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. தீயைக் குறைத்து, கரண்டியால் துழாவிக்கொண்டே பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டால்தான் அது அழியும். தோளில் வலி வரும்வரை துழாவினேன். ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. துணியில் நின்ற சக்கையை அடை மாவில் கலந்துவிட்டேன்.

ஆனால் கால்சியம்? வீட்டில் செய்த சோயாப் பாலில் பசும்பாலில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குகூடத் தேறாது. கடையில் விற்பதில் கால்சியம் சேர்ப்பார்கள்; அது தூளாக அடியில் படிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் பெட்டியை நன்றாகக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறார்கள். ஆகவே என் விஷயத்தில் இது சிறிய குறையன்று.

தைராய்டு மாத்திரை போடுகிறவள் என்பதால் இன்னொன்றையும் எழுதிவைக்கிறேன். சோயாவும் கால்சியமும் அந்த மாத்திரையை உடம்பு ஏற்பதைக் குறைக்கும். விடியற்காலை மாத்திரை, நான்கு மணி நேரம் கழித்தே சோயாப் பால் என்று வைத்துக்கொண்டேன்.

ஜூன் 16, ஞாயிறு, ஏற்காடு

கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடந்து அண்ணன் வீட்டுக்கு நேற்றே வந்துவிட்டேன். சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பார்கள். அந்த மலைக் காப்பியில் நான் கொண்டுவந்த சோயாப் பாலை ஊற்றியதும் கண்ணெதிரே திரிந்து, மோரில் மிதக்கும் துணுக்குகளைப் போல வெள்ளை வெள்ளையாய் நின்றது. அண்ணி பால் கெட்டுவிட்டது என்று கொட்டப் போனார், கெடவில்லை. காப்பியின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயாப் புரதத்தைத் திரட்டிவிடுகின்றன. அடுத்த முறை பாலை இளஞ்சூட்டில் டம்ளரில் எடுத்துக்கொண்டு, ஆறிய டிகாக்‌ஷனைச் சிறுகச் சிறுக விட்டேன். திரியவில்லை.

இங்கே பேச்செல்லாம் அண்ணனின் பேரக் குழந்தையைப் பற்றித்தான். எட்டு மாதம் ஆகிறது. பசும்பால் சளி பிடிக்கும், பாதாம் பால் கொடுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் குரலை உயர்த்தியே பேசினேன். ஒரு வயது முடியும்வரை தாய்ப்பாலின் இடத்தில் பசும்பாலை வைப்பதையே குழந்தை மருத்துவர்கள் விரும்புவதில்லை, அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாதாம் பாலையோ அரிசிப் பாலையோ வைத்தால் குழந்தையின் வளர்ச்சியே நின்றுபோகும் அளவுக்குச் சத்து குறைந்துவிடும். இரண்டு வயதில் ஓடியாடி எல்லாம் தின்கிற பிள்ளைக்குக்கூட, கால்சியமும் உயிர்ச்சத்துகளும் சேர்த்த சோயாப் பால் ஒன்றைத்தான் பசும்பாலுக்கு மாற்றாக மருத்துவர்கள் ஒப்புகிறார்கள்.

"அப்ப கேப்பைப் பாலும் வேண்டாங்கிறியா?" என்று அண்ணி கேட்டார். முளைகட்டிய கேழ்வரகை அரைத்துத் துணியில் வடித்துக் காய்ச்சும் அந்தக் கூழை நாங்கள் எல்லோரும் குடித்து வளர்ந்தோம். அது தாய்ப்பாலோடு சேர்ந்து வரும் உணவு, அதற்குப் பதில் அல்ல என்றேன். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. வேறெந்தத் தானியத்திலும் இவ்வளவு கிடையாது. கூடவே இருக்கும் ஃபைடேட் என்ற பொருள் அதில் ஒரு பகுதியைக் கட்டிப்போட்டுவிடும், முளைகட்டினால் அந்தக் கட்டு தளரும். பாட்டிமார் முளைகட்டச் சொன்னதில் காரணம் இருந்திருக்கிறது.

அண்ணனுக்குச் சிறுநீரகக் கோளாறு. பாஸ்பரஸைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாலில் அது அதிகம் என்று அட்டைப்பெட்டி ஓட்ஸ் பாலுக்கு மாறியிருக்கிறார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சேர்மானப் பட்டியலில் 340, 341 என்ற எண்கள். பொட்டாசியம் பாஸ்பேட், கால்சியம் பாஸ்பேட். இயற்கையாகத் தாவரத்தில் இருப்பதைவிட இப்படிச் சேர்க்கப்படும் பாஸ்பேட்டை உடம்பு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். பெட்டியைப் படமெடுத்து மருத்துவரிடம் காட்டிக் கேட்டபிறகே குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 19, புதன்

இரண்டு வாரத்தில் உப்புசம் அடங்கிவிட்டது. நேற்று முதல் திரும்பத் தொடங்கினேன். தயிர் ஒரு கிண்ணம்: ஒன்றும் செய்யவில்லை. உறைமோரில் உள்ள நுண்ணுயிரிகள் லாக்டோஸின் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. மிச்சத்தைச் செரிக்கவும் அவையே நம் குடலில் உதவுகின்றன. இன்று காலை 100 மில்லி பால் சேர்த்த காப்பி, அதுவும் ஏற்றுக்கொண்டது. நொதி குறைந்தவர்களில் பலருக்கும் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ்வரை பெரிய தொல்லை தருவதில்லை என்று படித்தேன். அது ஒரு பெரிய டம்ளர் பால். இரவு வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் குடித்ததுதான் என்னைப் படுத்தியது போலும்.

ஜூன் 24, திங்கள்

பால் நஞ்சு என்று ஒரு காணொளி இன்று வாட்ஸ்அப்பில் வந்தது. அது சுட்டிய ஆய்வு உண்மையானதுதான்: ஸ்வீடனின் உப்சலா பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்டது. நாளொன்றுக்கு மூன்று கிளாஸோ அதற்கு மேலோ பால் குடித்த பெண்களிடையே இறப்பு அதிகமாக இருந்ததாக அது சொல்கிறது. அதே ஆய்வில், புளித்த பாலும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது என்பதைக் காணொளி சொல்லாமல் விட்டுவிட்டது. மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு அது. பால்தான் காரணம் என்று அதனால் நிறுவ முடியாது என்பதை எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பாதிச் செய்தியை அனுப்பி வயதானவர்களின் டம்ளரைப் பறிப்பது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது.

ஓட்ஸ் பால் பற்றியும் இப்படித்தான் பாதிப் பேச்சு. அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து கெட்ட கொழுப்பைக் குறைக்கும் என்பது உண்மை; அதற்கு நாளொன்றுக்கு 3 கிராம் வேண்டும். ஆனால் ஓட்ஸைப் பாலாக்கும்போது அதன் மாவுச்சத்தை நொதியால் உடைப்பதால் மால்டோஸ் என்ற சர்க்கரை உருவாகிறது. நீரிழிவு உள்ள என் கணவருக்கு அது வேண்டாம்.

ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ல், சோயாவில் செய்ததைப் பால் என்று பெயரிட்டு விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2021-ல் அதே திசையில் நடவடிக்கை எடுத்தது. மகள் அனுப்பிய பெட்டியில்கூடப் 'பானம்' என்றுதான் இருந்தது. பால் என்று சொன்னது நாங்கள்தான். எருக்கிலையைக் கிள்ளினால் வடிவதையும், ஆலங்கிளையை ஒடித்தால் வடிவதையும் பால் என்று சொல்லும் மொழி நம்முடையது. வெள்ளையாய் வடிவதெல்லாம் பால்தான். சத்தை அந்தச் சொல்லிடம் கேட்கக் கூடாது, பெட்டியின் பின்பக்கத்தைத்தான் கேட்க வேண்டும்.

ஜூலை 17, புதன், ஆடி 1

எங்கள் ஊர்ப் பக்கம் தேங்காய் சுடும் நாள். ஓட்டைத் தேய்த்து வழவழப்பாக்கி, கண்ணைத் திறந்து, அவலும் வெல்லமும் பாசிப்பருப்பும் எள்ளும் அடைத்து, அழிஞ்சில் குச்சியில் செருகி வாசலில் சுட்டோம். மிச்சத் தேங்காயில் பால் எடுத்துப் பாயசம் வைத்தேன். கெட்டித் தேங்காய்ப்பாலில் கால் பங்குவரை கொழுப்பு; அதில் பெரும்பகுதி நெய்யில் இருப்பதைப் போன்ற நிறைவுற்ற வகை. கால்சியம் மிகச் சொற்பம். பண்டிகைக்குச் சரி, நாள்தோறும் பாலுக்குப் பதிலாக ஊற்றுவதற்கில்லை.

இப்போது எனக்குக் காலையில் அரை டம்ளர் பாலில் காப்பி, மதியம் தயிர், மாலையில் சோயாப் பால். வாரம் நான்கு நாள் கேப்பைக் களி. இட்லிக்குத் தோல் நீக்காத கறுப்பு எள்ளுப் பொடி. வயிறு தொல்லை தரவில்லை. எலும்பு அடர்த்தி பார்க்க அடுத்த மாதம் போக வேண்டும்.

மாலையில் சோயாப் பாலைத் துழாவிக்கொண்டிருந்தபோது அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்று, நுரை ஏறுவதையும் நான் தீயைத் தணிப்பதையும் வெகுநேரம் பார்த்தார்கள். "எனக்கும் அதுல ஒரு வாய் ஊத்து கண்ணு. ஆனா என் பால் டம்ளரு என் டம்ளருதான்" என்றார்கள். இரண்டு டம்ளர் வைத்தேன்.