தலைகீழ்ச் சூரியன்

"அப்பா, சூரியன் ஏன் தலைகீழா இருக்கு?"

மெக்சிகோ சிட்டியின் தேசிய அரண்மனைப் படிக்கட்டில், எனக்கு முன்னால் நின்ற சிறுவன் ஸ்பானிஷில் கேட்டான். அதுவரை நான் அதைக் கவனிக்கவே இல்லை.

வடக்குச் சுவர் ஓவியத்தின் உச்சியில், முகத்தோடு ஒரு சூரியன். நெற்றி கீழே, தாடை மேலே.

அதன் கீழே கெட்சால்கோவாட்ல். இறகுப் பாம்புக் கடவுள். மனித உருவில் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் ஆட்கள். ஒரு பக்கம் எரிமலையின் வாயிலிருந்து பாம்பு சீறி வருகிறது. இன்னொரு பக்கம் பாம்புப் படகில் ஏறி அவரே கிளம்பிப் போகிறார்.

மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1929இல் தொடங்கிய படிக்கட்டு ஓவியங்களில் ஒன்று இது. ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் தீட்டியாக வேண்டிய முறை.

பழம்பெருமை மட்டும் பேசும் ஓவியம் இல்லை. கீழே பாருங்கள், சண்டை நடக்கிறது. முதுகு வளையச் சுமை தூக்கிப் போகிறார்கள். ரிவேராமேல் எனக்கு மரியாதை கூடியது அங்கேதான்.

அஸ்டெக் பேரரசர் மோக்டெசூமாவின் அரண்மனை இருந்த இதே இடத்தில்தான், அவர் நாட்டைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் தன் மாளிகையைக் கட்டினார். அந்த இடத்துச் சுவரிலேயே, 400 ஆண்டுகள் கழித்து, அந்தக் கடவுள் வந்து உட்கார்ந்துவிட்டார்!

அந்தக் கடவுளின் பெயர், அஸ்டெக்குகள் பேசிய நவாட்ல் மொழிச் சொல். 2020 கணக்கெடுப்பின்படி 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த மொழியைப் பேசுகிறார்கள். சுவரில் மட்டும் வாழும் மொழி இல்லை அது.

அப்பா பையனைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவன் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து, சூரியனின் முகத்தை நேராகப் பார்க்க முயன்றுகொண்டே இருந்தான்.